வீட்டில் கைவினை சோப்பு தயாரித்தல்

கைவினை சோப்பு என்பது எண்ணெய் அல்லது கொழுப்பை எரிசோடா (காஸ்டிக் சோடா) கரைசலுடன் வினைபுரியச் செய்து, பெரிய இயந்திரங்கள் இன்றிச் சிறிய அளவில் கையால் தயாரிக்கப்படும் சோப்பு ஆகும். இலங்கையில் சோப்பைச் சவர்க்காரம் என்பர். சவுக்காரம், வழலை என்ற பெயர்களும் தமிழில் உண்டு. சமையலறையில் உள்ள எண்ணெய்களைக் கொண்டே இதைத் தயாரிக்கலாம் என்பதால் வீட்டுக் கைத்தொழிலாகவும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் தொழிலாகவும் பரவியுள்ளது.

சோப்பு தயாரித்தல் சமையலைப் போலத் தோன்றினாலும் சமையல் அன்று. குழம்பில் உப்பு சற்றுக் கூடினால் தண்ணீர் விட்டுச் சரிசெய்யலாம். சோப்பில் எரிசோடா கூடினால் அது தோலை அரிக்கும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் எவ்வளவு எரிசோடா தேவை என்பது அந்த எண்ணெயின் வேதி இயல்பால் முடிவாகும் அளவு; கண்மதிப்பாலோ கைப்பக்குவத்தாலோ அதை மாற்ற இயலாது. எனவே நல்ல சோப்புக்கும் ஆபத்தான சோப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் எடைபோடுவதில்தான் உள்ளது.

சோப்பும் நுரை தரும் பிற பொருள்களும்

சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவை தமிழர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் தூய்மைப் பொருள்கள். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதற்குக் காரணம் அவற்றில் உள்ள சப்போனின் என்ற பொருள். இது தாவரத்தில் இயற்கையாகவே இருப்பதால் அரைத்தோ ஊறவைத்தோ நேரடியாகப் பயன்படுத்தலாம். சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய உவர்மண், இயற்கையில் கிடைக்கும் காரப்பொருள்.

சோப்பு இவற்றினின்று வேறுபட்டது. அது இயற்கையில் கிடைப்பதில்லை. கொழுப்பும் காரமும் சேர்ந்து வினைபுரிந்தால்தான் உருவாகும். எரிசோடாவைத் தொடாமல் எண்ணெயிலிருந்து குளியல் சோப்புக் கட்டி செய்யும் வழி வீட்டு முறையில் இல்லை.

சோப்பாக்கல் வினை

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரால் பகுதியுடன் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இணைந்த அமைப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு எனப்படும் எரிசோடா இந்த இணைப்புகளை உடைக்கிறது. விடுபடும் மூன்று சங்கிலிகளும் சோடியத்துடன் சேர்ந்து சோப்பாகின்றன. கிளிசரால் தனியே பிரிகிறது. ஒரு மூலக்கூறு எண்ணெய்க்கு மூன்று மூலக்கூறு எரிசோடா தேவை. வினை முடிவில் மூன்று மூலக்கூறு சோப்பும் ஒரு மூலக்கூறு கிளிசராலும் கிடைக்கும். இதுவே சோப்பாக்கல் வினை எனப்படுகிறது. எரிசோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்தினால் மென்மையான சோப்போ திரவ சோப்போ கிடைக்கும்.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். நீண்ட வால்பகுதி எண்ணெயை நாடும். குளிக்கும்போது வால்பகுதிகள் எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, நீரை நாடும் முனைகள் வெளிப்புறம் நிற்கின்றன. இதனால் பிசுக்கு நீரில் மிதந்து கழுவப்படுகிறது. பெரிய ஆலைகளில் கிளிசரால் பெரும்பாலும் தனியே பிரித்தெடுக்கப்பட்டு விற்கப்படுகிறது. கைவினை சோப்பில் அது சோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

பழைய காலத்தில் விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்த காரநீரையே பல நாடுகளில் பயன்படுத்தினர். அதன் வலிமை ஒவ்வொரு முறையும் மாறும். முட்டையை மிதக்கவிட்டு அதன் வலிமையை மதிப்பிடும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. 1791இல் பிரான்சில் நிக்கொலா லெப்லாங் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசேல் செவ்ரோல் கொழுப்புகளின் அமைப்பை ஆராய்ந்து விளக்கினார். இவ்விரண்டுக்கும் பின்னரே சோப்பு தயாரிப்பு, மதிப்பீட்டிலிருந்து கணக்கீட்டுக்கு மாறியது.

எண்ணெய்களும் அவற்றின் இயல்புகளும்

சோப்பின் கடினம், நுரை, மென்மை ஆகியவை அதில் சேரும் எண்ணெய்களைப் பொறுத்தவை.

தேங்காய் எண்ணெய்: லாரிக் அமிலம் மிகுந்தது. கட்டியான, மிகுதியாக நுரைக்கும் சோப்பைத் தரும். உப்பு நீரிலும் நுரைப்பது இதன் சிறப்பு. தனியாக மிகுதியாகப் பயன்படுத்தினால் தோல் வறட்சி ஏற்படலாம்.

பாமாயில்: சோப்புக்கு உறுதி தரும், விரைவில் கரைந்துபோகாமல் நீடிக்கச் செய்யும்.

விளக்கெண்ணெய்: ஆமணக்கு எண்ணெய். நுரையை நிலைக்கச் செய்யும். 5 முதல் 10 விழுக்காடு வரை போதும். மிகுந்தால் சோப்பு பிசுபிசுக்கும்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய்: மென்மை தருபவை. ஆனால் இவை மிகுந்தால் சோப்பு விரைவில் சிக்குவாடை அடையும்.

ஆலிவ் எண்ணெய்: மென்மையான சோப்பைத் தரும், முதிர நீண்ட காலம் ஆகும். சிரியாவின் அலெப்போ, பாலத்தீனத்தின் நாப்லுஸ் ஆகிய ஊர்கள் ஆலிவ் எண்ணெய்ச் சோப்புக்குப் பெயர்பெற்றவை.

வேப்பெண்ணெய்: மணம் கடுமையானது. சிறு விகிதத்தில் சேர்ப்பதே வழக்கம்.

எரிசோடா அளவைக் கணக்கிடுதல்

ஒரு குறிப்பிட்ட எடை எண்ணெயை முழுவதும் சோப்பாக்கத் தேவைப்படும் காரத்தின் அளவு சோப்பாக்கல் எண் எனப்படும். ஒரு கிலோகிராம் எண்ணெய்க்குத் தேவைப்படும் எரிசோடாவின் சராசரி அளவுகள் வருமாறு:

தேங்காய் எண்ணெய் – 183 கிராம்
பாமாயில் – 141 கிராம்
வேப்பெண்ணெய் – 139 கிராம்
கடலை எண்ணெய் – 136 கிராம்
ஆலிவ் எண்ணெய் – 135 கிராம்
நல்லெண்ணெய் – 134 கிராம்
விளக்கெண்ணெய் – 128 கிராம்

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் குட்டையானவை. எனவே ஒரே எடையில் அதில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மிகுதி. தேவைப்படும் எரிசோடாவும் மிகுதி.

எல்லா எண்ணெயும் சோப்பாகிவிடாமல் ஒரு சிறு பகுதி எஞ்சும்படி எரிசோடாவைச் சற்றுக் குறைத்தே எடுப்பர். எஞ்சும் இந்த எண்ணெயை மிகை எண்ணெய் எனலாம். வழக்கமாக இது 5 விழுக்காடு. இது தோலுக்கு மென்மை தருவதோடு, எடையிலும் எண்ணெயின் தன்மையிலும் ஏற்படும் சிறு வேறுபாடுகளைத் தாங்கும் பாதுகாப்பு இடைவெளியாகவும் அமைகிறது.

எடுத்துக்காட்டாக, 500 கிராம் எண்ணெய்க் கலவைக்கான கணக்கு:

தேங்காய் எண்ணெய் 250 கிராம் × 0.183 = 45.75 கிராம்
பாமாயில் 200 கிராம் × 0.141 = 28.20 கிராம்
விளக்கெண்ணெய் 50 கிராம் × 0.128 = 6.40 கிராம்
மொத்தம் = 80.35 கிராம்
5 விழுக்காடு குறைத்தபின் (× 0.95) = 76.33 கிராம்

எனவே 76 கிராம் எரிசோடா எடுக்க வேண்டும். பின்னம் வந்தால் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். நீர் எரிசோடாவைப் போல் இரு மடங்கு, அதாவது 152 கிராம்.

கணக்கில் நேரும் பிழைகள்

லிட்டரைக் கிலோகிராமாகக் கொள்ளுதல்: எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயை ஒரு கிலோ எனக் கொண்டு, 5 விழுக்காடு குறைத்துக் கணக்கிட்டால் 174 கிராம் எரிசோடா வரும். ஆனால் 910 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக 166.5 கிராம் போதும். பாதுகாப்பு இடைவெளி விட்ட பிறகும் 7 கிராமுக்கு மேல் எரிசோடா வினைபுரியாமல் சோப்பில் தங்கிவிடும்.

எண்ணெயை மாற்றுதல்: 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குரிய எரிசோடா 91.5 கிராம், அதே எடை விளக்கெண்ணெய்க்கு 64 கிராம். ஒரு செய்முறையில் உள்ள எண்ணெய் கையிருப்பில் இல்லை என்று வேறு எண்ணெயை அதே அளவில் ஊற்றினால், எரிசோடா அளவை மீண்டும் கணக்கிட்டே தீரவேண்டும்.

மிகச் சிறிய அளவில் செய்தல்: முதன்முறை என்பதால் 100 கிராம் எண்ணெயில் மட்டும் செய்துபார்ப்பது பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் மேற்கண்ட கலவையில் 100 கிராமுக்கு 15 கிராம் எரிசோடாவே தேவை. ஒரு கிராம் மட்டும் காட்டும் தராசில் 1 கிராம் பிழை நேர்ந்தால் அது 6 விழுக்காட்டுக்கு மேல். பாதுகாப்பு இடைவெளி முழுவதும் போய்விடும். 500 கிராம் கலவையில் அதே 1 கிராம் பிழை 1.3 விழுக்காடுதான். எனவே சாதாரண சமையலறை மின்னணுத் தராசு வைத்திருப்போர் 500 கிராமுக்குக் குறையாமல் செய்வதே நல்லது.

கரண்டி, டம்ளர் அளவுகள்: எரிசோடா செதில், முத்து, தூள் எனப் பல வடிவில் விற்கப்படுகிறது. ஒரே கரண்டியில் ஒவ்வொன்றும் வெவ்வேறு எடை நிற்கும். எனவே எண்ணெய், எரிசோடா, நீர் மூன்றையும் கிராமிலேயே அளக்க வேண்டும்.

தேவையான கருவிகள்

எரிசோடா வேதிப்பொருள் கடைகளில் கிடைக்கும். தூய்மை அளவு உறையில் அச்சிடப்பட்டதையே வாங்க வேண்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்களில் அலுமினியத் துண்டுகளும் பிற பொருள்களும் கலந்திருக்கலாம். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. எரிசோடா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இறுக மூடிவைக்க வேண்டும்.

பாத்திரங்கள் எவர்சில்வர் அல்லது வெப்பம் தாங்கும் தடித்த பிளாஸ்டிக்காக (பாலிபுரோப்பிலீன்) இருக்க வேண்டும். அலுமினியம், இண்டாலியம் பாத்திரங்களை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எரிசோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கண்ணாடிப் பாத்திரம் திடீர் வெப்பத்தில் விரிசல் விடலாம். சோப்புக்கெனப் பயன்படுத்தும் கலன்களையும் கரண்டிகளையும் மீண்டும் சமையலுக்கு எடுக்காமல் தனியே வைக்க வேண்டும்.

இவற்றுடன் மின்னணுத் தராசு, வெப்பமானி, கையால் பிடித்துக் கலக்கும் மின்கலக்கி அல்லது எவர்சில்வர் கலக்கி, சிலிக்கான் அச்சு அல்லது பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டி ஆகியவை வேண்டும். கண்களை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். வழக்கமான மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்காது.

செய்முறை

இங்கு விளக்கப்படுவது குளிர்முறை. இதில் கலவையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவதில்லை. வினையில் வெளிப்படும் வெப்பமே போதும்.

1. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் வராத, காற்றோட்டமான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு இடையில் எழுந்து செல்லாதபடி எல்லாப் பொருள்களையும் முன்கூட்டியே எடைபோட்டு வைக்க வேண்டும்.

2. காய்ச்சி வடித்த நீரைப் பாத்திரத்தில் எடுத்து, அதில் எரிசோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். எரிசோடாவைத்தான் நீரில் இட வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஊற்றினால் அது திடீரெனக் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது கரைசல் 80 செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ சூடாகும். நெடியுள்ள ஆவியும் எழும். முகத்தை விலக்கிக்கொண்டு, காற்று வீசும் திசைக்கு எதிராக நிற்காமல் கலக்க வேண்டும்.

3. கரைசலை 40 செல்சியஸ் அளவுக்கு ஆறவிட வேண்டும். எண்ணெய்களைக் கலந்து அதே அளவு வெதுவெதுப்பாக்க வேண்டும். இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது நல்லது.

4. எரிசோடாக் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மின்கலக்கியைச் சில நொடிகள் இயக்குவதும் நிறுத்திக் கையால் கலக்குவதுமாகச் செய்தால் சில நிமிடங்களில் கலவை கெட்டிப்படும். கையால் மட்டும் கலக்கினால் அரை மணி நேரத்துக்கு மேலாகலாம்.

5. கரண்டியிலிருந்து வடியும் கலவை மேற்பரப்பில் உடனே மறையாமல் கோலக்கோடு போலச் சற்று நேரம் நின்றால் பதம் வந்துவிட்டது. எண்ணெயும் நீரும் இனிப் பிரியா என்பதற்கு இதுவே அடையாளம். நறுமண எண்ணெயோ மூலிகைத் தூளோ சேர்ப்பதாயின் இப்போது சேர்க்கலாம்.

6. அச்சில் ஊற்றி மூடிவைக்க வேண்டும். சில மணி நேரத்தில் நடுப்பகுதி சூடாகிக் கண்ணாடி போலத் தெளிவுபெறலாம், இது இயல்பானதே.

7. ஏறத்தாழ ஒரு நாள் கழித்துக் கட்டியானதும் கையுறை அணிந்து எடுத்து வெட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பை நீண்ட நேரம் விட்டால் வெட்டும்போது நொறுங்கும்.

8. துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் 4 முதல் 6 வாரம் வரை அடுக்கி உலர்த்த வேண்டும்.

கலக்கிய பாத்திரங்களில் ஒட்டியிருக்கும் பச்சைக் கலவையும் தோலை அரிக்கக்கூடியது. அவற்றை ஒரு நாள் அப்படியே தனியே வைத்தால் கலவை சோப்பாகிவிடும். பின்னர் எளிதாகக் கழுவலாம்.

முதிர்தல்

சோப்பாக்கல் வினை பெரும்பாலும் முதல் ஓரிரு நாள்களிலேயே முடிந்துவிடும். அதன்பின் வாரக்கணக்கில் உலர்த்துவது நீர் ஆவியாவதற்காகவே. நீர் வெளியேறுவதால் சோப்பு கெட்டிப்படும், எடை குறையும், குளியலறையில் விரைவில் கரையாது. நுரையும் மென்மையும் மேம்படும்.

எரிசோடா சற்றுக் கூடியிருந்தாலும் மாதக்கணக்கில் வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறு. கூடுதலான எரிசோடாவுக்கு வினைபுரிய எண்ணெய் இல்லை. மேற்பரப்பில் உள்ள சிறு பகுதி காற்றுடன் சேர்ந்து சோடியம் கார்பனேட்டாக மாறலாம். உள்ளே உள்ளது அப்படியே இருக்கும்.

சோதித்தல்

சோப்பு எப்போதும் காரத்தன்மை உடையது. நல்ல சோப்பின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 9 முதல் 10.5 வரை இருக்கும். ஒரு கிராம் சோப்பைச் சீவி, 99 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பி.எச். தாளால் சோதிக்கலாம். 11 அல்லது அதற்கு மேல் காட்டினால் பயன்படுத்தக் கூடாது. தாள் தோராயமான மதிப்பையே தரும். ஆகவே எடைக் குறிப்பையும் சோப்பின் தோற்றத்தையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். வெட்டும்போது எண்ணெயோ நீரோ தனியே கசிவது, உள்ளே வெண்ணிறப் படிகங்கள் தெரிவது, மிகவும் நொறுங்குவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எரிசோடா எஞ்சியிருந்தால் நாக்கு புண்ணாகும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

மேற்பரப்பில் மட்டும் படியும் மெல்லிய வெண்பொடி பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டே, அதைத் துடைத்துவிடலாம். நாளடைவில் தோன்றும் செம்மஞ்சள் புள்ளிகளும் சிக்குவாடையும் எஞ்சிய எண்ணெய் கெட்டதன் அறிகுறி.

மஞ்சளும் பிற சேர்பொருள்களும்

சோப்பில் மஞ்சள்தூள் சேர்த்ததும் கலவை செந்நிறமாக மாறுவதைக் காணலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான்: மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். சோப்பு முதிர முதிர அந்நிறம் தணிந்து, செம்மஞ்சளாகவோ பழுப்பாகவோ அமையும். எனவே பளிச்சென்ற மஞ்சள் நிறம் உள்ள சோப்பில் அந்நிறம் மஞ்சள்தூளால் மட்டும் வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

வேப்பிலை, துளசி போன்றவற்றின் பச்சை நிறமும் காரத்தில் நிலைப்பதில்லை, நாளடைவில் பழுப்பாகும். பாலில் உள்ள சர்க்கரை எரிசோடாவின் சூட்டில் கருகும் என்பதால், பாலை உறையவைத்துப் பயன்படுத்துவர். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் எரிசோடாவின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்யும். அதனால் சோப்பின் எண்ணெய்த்தன்மை கூடுமே தவிர, சோப்பு நடுநிலைத் தன்மை அடையாது. நறுமண எண்ணெய்கள் எண்ணெய் எடையில் 3 விழுக்காட்டுக்கு மிகாமல் இருப்பது நல்லது. சில நறுமண எண்ணெய்கள் ஒவ்வாமை தரும். எனவே புதிய சோப்பை முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.

விபத்தும் முதலுதவியும்

எரிசோடா தோலில் பட்டவுடன் வலி தெரியாமல் வழவழப்பு மட்டும் தோன்றலாம். அந்த வழவழப்பு, தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதன் அடையாளம். எனவே வலி இல்லை என்று காத்திருக்கக் கூடாது.

தோலில் பட்டால் நனைந்த ஆடையை உடனே நீக்கி, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றை ஊற்றக் கூடாது. அமிலமும் காரமும் சேரும்போது எழும் வெப்பம் புண்ணை மோசமாக்கும்.

கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் தொடர்ந்து கழுவிவிட்டு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணைப் பொறுத்தவரை முதல் நிமிடத்தில் தொடங்கும் கழுவுதலே பார்வையைக் காக்கும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உணவுக்குழாயைச் சுட்டுச் சென்ற காரம் திரும்பி வரும்போது மீண்டும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்தியாவில் அவசர ஊர்திக்கான எண் 108.

எரிசோடாக் கரைசல் பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். அதனால் டம்ளர், தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் ஆகியவற்றில் அதை ஒருபோதும் ஊற்றிவைக்கக் கூடாது. தேவையான அளவு மட்டும் கரைத்து அன்றே பயன்படுத்த வேண்டும். எரிசோடாக் கலனில் பெயரை எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் உயரத்தில் வைக்க வேண்டும். குழந்தைகள் தவறுதலாகக் குடித்தால் உணவுக்குழாய் சுருங்கி, வாழ்நாள் முழுவதும் உணவு உண்ணவே இடர்ப்படும் நிலை ஏற்படலாம்.

உருக்கி ஊற்றும் முறை

ஆலையில் ஏற்கெனவே தயாரான சோப்புக் கட்டியை (சோப் பேஸ்) வாங்கி, உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது மற்றொரு முறை. இதில் எரிசோடாவைக் கையாள வேண்டியதில்லை, ஆறியதும் பயன்படுத்தலாம். பள்ளி மாணவர்களின் கைவேலைக்கு இதுவே ஏற்றது. குளிர்முறையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

‘வேதிப்பொருள் இல்லாத சோப்பு’ என்று சில கைவினை சோப்புகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அச்சில் ஊற்றியவர் எரிசோடாவைத் தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சோப்புக் கட்டியை ஆலையில் தயாரிக்கக் காரமோ பிற தூய்மையாக்கு வேதிப்பொருளோ பயன்பட்டிருக்கும். சரியாகக் கணக்கிடப்பட்ட சோப்பில் எரிசோடா முழுவதும் வினைபுரிந்து சோப்பாகிவிடுவதால் அது எரிசோடாவாக எஞ்சுவதில்லை என்பதே சரியான கூற்று.

கடின நீரில் சோப்பு

நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்திருந்தால் அவை சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்படிவை உண்டாக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக உள்ள பகுதிகளில் கைவினை சோப்பு சரியாக நுரைக்காததற்கும் வாளியின் ஓரத்தில் படிவு சேர்வதற்கும் இதுவே காரணம். இது சோப்பின் தரக்குறைவு அன்று. தேங்காய் எண்ணெய் அளவைச் சற்றுக் கூட்டினால் நுரை மேம்படும். அவ்வாறு கூட்டும்போதும் எரிசோடாவின் அளவை மறுபடி கணக்கிட வேண்டும்.

விற்பனையும் சட்டமும்

வீட்டுப் பயன்பாட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. இந்தியாவில் குளியல் சோப்பு 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. விற்பனைக்காகத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள்கள் விதிகளின்படி மாநில உரிமம் வழங்கும் அலுவலரிடம் உரிமம் பெற வேண்டும். தோல் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்றால் அது அழகுப்பொருள் என்ற எல்லையைத் தாண்டி மருந்துக்கான விதிகளுக்கு உட்பட நேரிடும்.

விற்பவர்கள் ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் நாள், எண்ணெய்களின் பெயரும் எடையும், எரிசோடாவின் எடை, நீரின் எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. ஒரு சோப்பைப் பற்றிப் புகார் வந்தால், அதே நாளில் ஊற்றிய மற்ற துண்டுகளைத் திரும்பப் பெறவும், பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டறியவும் அக்குறிப்பே உதவும். வீட்டுக்கு மட்டும் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். நன்றாக அமைந்த சோப்பை மறுமுறை அதேபோலச் செய்ய வேறு வழியில்லை.